தடுமாறும் தொடக்கம்

1987இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ அறிவியல் புனைவுத் தொடரின் முதல் பருவம் ஏற்ற இறக்கங்கள் நிறைந்தது. கறுப்பினத்தவரைப் பழைய தப்பெண்ணங்களோடு காட்டிய ‘கோட் ஆஃப் ஹானர்’ அத்தியாயத்தைத் தொடரின் நடிகர்களே பின்னாளில் கண்டித்தார்கள். அது உண்மையான குறை. அதை மூடி மறைக்கக் கூடாது.

அதே தொடர்தான் 1989இல் ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ அத்தியாயத்தைத் தந்தது. இயந்திர மனிதன் டேட்டா விண்படையின் உடைமையா, தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமை பெற்றவனா என்பதே வழக்கு. அதை எழுதிய மெலிண்டா ஸ்னோட்கிராஸ் வழக்கறிஞராக இருந்தவர். மூன்றாம் பருவத்தில் எழுத்துக் குழுவுக்குத் தலைமையேற்ற மைக்கேல் பில்லர், கதைகளைப் பாத்திரங்களின் மனத்துக்குள் திருப்பினார். வெளியார் அனுப்பும் கதைகளையும் வரவேற்றார். அப்படி உள்ளே வந்தவர்தான் எழுத்தாளர் ரொனால்ட் மூர். 1992இல் ஒளிபரப்பான ‘தி இன்னர் லைட்’ அத்தியாயம் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதை வென்றது.

அறிவியல் புனைவு ஒரு புதிய உலகத்தையும் அதன் விதிகளையும் மனிதர்களையும் ஒரே நேரத்தில் படைக்க வேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் கால் இடறுவது இயல்பு. ஆகவே ஒரு தொடரின் முதல் அத்தியாயங்களில் பிழைகளை எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். கேட்கத் தகுந்த ஒரு கேள்வியை அது துணிந்து கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கிறது என்றால், வளர அதற்கு அவகாசம் கொடுங்கள். திறமை பழகப் பழக வரும். கேள்வி முதலிலேயே இருக்க வேண்டும்.