உள்ளங்கையில் ஒரு மன்னன்

பெரிதாகக் கட்டியவரையெல்லாம் காலம் பெரிதாகக் காட்டுவதில்லை.

4,500 ஆண்டுகளுக்கு முன் கீசாவில் சுமார் 146 மீட்டர் உயரத்துக்குப் பிரமிடு எழுப்பியவன் மன்னன் குஃபு. அவன் பெயர் பொறித்த முழு உருவச் சிலையாக இன்று நமக்கு எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. தந்தத்தில் செதுக்கிய அதன் உயரம் ஏழரை சென்டிமீட்டர். 1902-இல் கெய்ரோவில் திறக்கப்பட்ட எகிப்திய அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது அது. வானத்தைத் தொட நினைத்தவன் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டான்.

சாவை வெல்ல நினைத்த அரசர்கள் உடலைப் பதப்படுத்தச் சொன்னார்கள். பொன்னை உடன் வைக்கச் சொன்னார்கள். வாசலைக் கல்லால் அடைக்கச் சொன்னார்கள். ஆனாலும் பொன்னில் பெரும்பகுதி திருடர் கைக்குப் போனது. யாரும் சீந்தாத மரப்பொம்மைகள் பல பிழைத்துக்கொண்டன. மாவு பிசைபவள், துணி நெய்பவள், மாடு மேய்ப்பவன் என்று, மறுமையில் எசமானுக்கு ஊழியம் செய்யக் கல்லறையில் வைக்கப்பட்ட எளிய உருவங்கள் அவை. பெயரை நிலைநிறுத்தப் பாடுபட்டவர்கள் பக்கத்திலேயே, பெயரே இல்லாதவர்களும் நிலைத்துவிட்டார்கள்.

பழைய பொருள்களைப் பார்க்கத்தான் அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறோம். பார்த்து முடிக்கும்போது நம்மையே கொஞ்சம் பார்த்திருப்போம். எது மிஞ்சும், எது மறையும் என்பதைத் தீர்மானிப்பது நாம் அல்ல. செய்வதைச் செம்மையாகச் செய்வது மட்டுமே நம் பங்கு. மிச்சத்தை மணல் பார்த்துக்கொள்ளும்.