நந்தவனத்துப் புழுவும் கொல்லாமை என்னும் மலரும்

பெரும்பொழுது ஆறனுள் முதுவேனில் கழிந்து கார் புகுங் காலம், நந்தவனங் காப்பார்க்கு மகிழ்ச்சியும் கவலையும் ஒருங்கே தருவதாகும். ஆனி முழுதும் மேல்காற்றில் வாடிநின்ற செடிகள், ஆடிக் கடையில் மாலைமழை இரண்டு மூன்று பெற்ற அளவிலே தளிர்விடத் தொடங்குகின்றன. திண்டிவனம், மயிலம், விழுப்புரம் ஆகிய இப்பக்கத்தூர்களுக்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகைகளிலேயே வருமாயினும், அதற்கு முன்னரே ஆவணி புரட்டாசிகளில் இடிமழை விட்டுவிட்டுப் பெய்யும். தும்பைக்கு அம்மழையே போதும். வேலியோரங்களில் அது தானே முளைத்து வெள்ளென்று பூக்கும். செங்காந்தள் மண்ணுள் உறங்கிய கிழங்கினின்றும் எழுந்து முள்வேலியைப் பற்றி ஏறும். வேனிலில் வாரி வழங்கிய மல்லிகை கை சுருக்க, பவழமல்லிகை இரவிலே மலர்ந்து விடியலில் நிலத்தை மூடும். உதிர்ந்த பூ பூசைக்கு ஆகாதென்னும் விதிக்கு இம்மலர் விலக்காகக் கொள்ளப்படுதல் அன்பர் அறிந்ததே.

வேனிலை அடுத்து வரும் காலத்தை மேனாட்டார் இலையுதிர்காலம் என்பர். நம் நாட்டிற்கு அப்பெயர் சிறிதும் பொருந்தாது. வில்வமும் அரசும் இங்கே இலையுதிர்ப்பன பின்பனியிலும் இளவேனிற் புகுமுகத்திலுமாம். காரும் கூதிரும் நமக்குப் பிறப்பின் காலம். புல்லும் பூச்சியும் ஒருங்கே தோன்றும் காலம். கொன்றை காரிற் பூக்கும் என்பது முல்லைத்திணை மரபாயினும், எம் பக்கத்துச் சரக்கொன்றை சித்திரை வைகாசியிலேயே பொன் சொரிந்துவிடுகின்றது. பருவமல்லாத மழைக்கு ஏமாந்து கொன்றை பூத்துவிட்டதென்று தோழி தலைவியைத் தேற்றும் பாட்டொன்று குறுந்தொகையில் உண்டாதலின், கொன்றையின் காலம் பற்றிய ஐயம் பண்டே இருந்தது போலும். அது நிற்க.

தளிர் வந்தவுடன் புழுவும் வரும். எருக்கிலையிற் கருமையும் மஞ்சளும் வெண்மையுமாகிய வரிகளையுடைய புழு ஊரும். நந்தியாவட்டையிலும் அரளியிலும் விரலளவு பருத்த பச்சைப்புழு, முன்புறத்தே கண்போலும் இரண்டு நீலப் பொட்டுக்களோடு தோன்றும். அவை மெய்க்கண்கள் அல்ல, பறவைகளை வெருட்டுதற்கு அமைந்த பொய்க்கண்கள். இவற்றினும் வியக்கத்தக்கது வில்வத்திற் காணப்படும் புழுவே. இளமையில் அது கருமையும் வெண்மையும் கலந்து, இலைமேல் விழுந்த பறவையின் எச்சத்தை அச்சாக ஒத்திருக்கும். வளர்ந்தபின் இலையின் நிறமே தன் நிறமாகப் பசுமை எய்தும். யாரேனுந் தீண்டினால், தலைப்பின் உள்ளிருந்து செந்நிறமான கவைக்கொம்பு ஒன்றை நீட்டிக் கடுநாற்றம் வீசும். பின்னர்க் கொம்பொன்றில் மெல்லிய நூலாலே தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ ஒரு திங்களுள் முட்டை தொடங்கிச் சிறகு ஈறாகிய நிலையெல்லாம் கடந்து, கருமையும் மஞ்சளும் விரவிய வண்ணத்துப்பூச்சியாய் எழும்.

புட்பவிதி கூறும் நூல்கள் எச்சம் பட்ட பத்திரத்தை விலக்குகின்றன. இளம்புழுவை எச்சமென்று கருதிப் பூப்பறிப்பார் அவ்விலையைத் தொடாது விடுதலை யாம் பன்முறை கண்டுளேம். பறவையை ஏய்க்க அமைந்த வேடம் அடியவர் கையினின்றும் அதனைக் காத்துவிடுகின்றது!

நந்தவனத் தொண்டு செய்யும் இளைஞர் ஒருவர் ஆவணித் திங்களில் எம்மிடம் வந்து, "ஐயா, சுவாமிக்கு வைத்த வில்வத்தைப் புழு தின்கிறது. கடையில் மருந்து விற்கிறார்கள். ஒரு முறை அடித்தால் ஒன்றும் மிஞ்சாது என்கிறார்கள். கொன்றால் பாவமா, விட்டால் அபராதமா, சொல்லுங்கள்" என்றார். வினா எளிதுபோலத் தோன்றும், விடை எளிதன்று. புழு அரித்த பத்திரம் சாத்தலாகாதென்பது விதி. அரிக்கவிட்டால் பூசைக்கு முட்டு நேர்கின்றது. அரியாமற் காக்கக் கொல்லவேண்டுமெனின், கொல்லாமை என்னும் அறம் முட்டுகின்றது. இரண்டும் சைவனுக்கு உரியனவே.

முதற்கண் இதனை நோக்குக. அகப்பூசைக்கு உரியனவாகப் பெரியோர் வகுத்த எண்மலர் கொல்லாமை, ஐம்பொறியடக்கம், பொறை, இரக்கம், அறிவு, மெய்ம்மை, தவம், அன்பு என்பன. இவற்றுள் முன் வைக்கப்பெற்றது கொல்லாமை. புறப்பூசைக்குரிய ஓரிலையைக் காத்தற்பொருட்டு அகப்பூசையின் முதன்மலரைக் கசக்கி எறிவது, கூரையை வேய்தற்குச் சுவரை இடித்த கதையாம்.

அற்றேல், எறிபத்தநாயனார் செயல் என்னையெனின், கூறுதும். சிவகாமியாண்டார் கொணர்ந்த பூக்கூடையைச் சிதைத்த பட்டத்து யானையையும் பாகரையும் கருவூரிலே அவர் மழுவால் வீழ்த்தினார். ஒருகூடை மலருக்காக யானையையே கொல்லலாமெனின் ஓரிலைக்காகப் புழுவைக் கொல்லுதல் குற்றமாமோ என்று வினவுவார் உளர். அவர் அவ்வரலாற்றைப் பாதியிலே நிறுத்திவிடுகின்றார். புகழ்ச்சோழர் தம்மையும் கொல்லுக என்று வாளை நீட்டியபொழுது, அதனை வாங்கித் தம் கழுத்திலே பூட்டி அரியத் துணிந்தவர் எறிபத்தர். இறுதியில் யானையும் பாகரும் உயிர்பெற்று எழுந்தனர். அஃது அடியவர் தொண்டுக்கு இழைத்த இடர் கண்டு பொறாது எழுந்த வல்வினைத் தொண்டு. தன்னையிழந்த அன்பின்கண் நிகழ்ந்தது. தெளிப்பானைத் தோளில் மாட்டி நிற்பவர், அவ்வாளைத் தம் கழுத்திற் பூட்டவல்லரோ என்று தம்மையே வினவிக்கொள்ளக் கடவர். எம்போலியர்க்கு விதிக்கப்பட்டது மெல்வினையே.

எறிபத்தரை விடுத்துத் திருவானைக்காவை நோக்குவோமாயின் வேறொன்று புலனாகின்றது. நாவல் நீழலில் எழுந்தருளிய பெருமான்மேல் சருகு உதிராவண்ணம் சிலந்தி நூலாற் பந்தரிட்டது. யானை அதனை அநுசிதம் என்று நாடோறும் அழித்தது. புட்பவிதியோ சிலந்தி நூல் பட்ட மலரை விலக்குகின்றது. பெருமானோ அந்நூலிழைத்த சிலந்தியைக் கோச்செங்கட்சோழராக்கி எழுபதுக்கு மேற்பட்ட கோயில்களை எடுப்பித்தருளினான். விதி பொய்யென்பது எம் கருத்தன்று. விதி சாத்துவானை நோக்கிற்று. அருள் சிலந்தியை நோக்கிற்று. சிலந்தி நூல் பட்ட மலரைச் சாத்தாதே என்று நூல் கூறுமேயன்றிச் சிலந்தியைக் கொல் என்று கூறிற்றில்லை. புழுவுக்கும் இஃது ஒக்கும். விலக்கப்பட்டது பத்திரம், உயிரன்று.

இனி, புழுவின் உயிர் நம் உயிரோடு ஓரினமே என்பது சித்தாந்தத் துணிபு. எண்பத்துநான்கு நூறாயிரம் யோனிபேதங்களுள் தாவரம் 20 நூறாயிரம், ஊர்வன 11 நூறாயிரம் என்று கணக்கிடுவர். வில்வமும் பசுவருக்கம், அதனை அரிக்கும் புழுவும் பசுவருக்கம், இரண்டையும் பார்த்துநின்று வினவும் நாமும் பசுவருக்கம். உடம்பின் வேற்றுமை வினையான் வந்தது. பாம்பு தோலையும் பறவை முட்டையையும் விட்டு நீங்குதலை உயிர் உடல்மாறுதற்கு எடுத்துக்காட்டாகச் சிவஞானசித்தியார் கூறும். வண்ணத்துப்பூச்சியையும் அவ்வரிசையில் நிறுத்தலாமென்று சிலர் எழுதுகின்றனர். எமக்கு அது முற்றும் உடன்பாடன்று. புழு சிறகு பெறுதல் ஒரு பிறவிக்குள்ளே நிகழும் பருவவேறுபாடு. குழவி காளையாதல் போல்வது. பிறவி மாறுதற்கு அது நேருவமையாகாது.

உவமை பற்றிய பேச்சு எழுந்தமையின் குளவியையும் ஈண்டே கூறிவிடுவாம். குளவி புழுவைக் கொணர்ந்து ஊதி ஊதித் தன் வடிவாக்கும் என்னும் உவமை, சிவோகம்பாவனை கூறுமிடத்துப் பயின்று வருவது. கார்காலத்து நந்தவனத்தில் அமர்ந்து நோக்குவார்க்கு நிகழ்ச்சி வேறாகத் தோன்றும். குளவி புழுவைக் கொட்டி அசைவறச் செய்து, தன் முட்டையோடு மண்கூட்டில் வைத்து வாயடைக்கின்றது. முட்டையினின்று வந்த குஞ்சு அப்புழுவைத் தின்று வளர்ந்து குளவியாய்ப் புறம்போதுகின்றது. இதனைக் கூறின் சமயத்துக்கு இழுக்கென்று அஞ்சுவார் அஞ்சற்க. உவமை பொருளை விளக்க வந்ததே. நிறுவுவன காட்சி, கருதல், உரை என்னும் அளவைகள். குளவி தன் தொழிலை மாற்றிக்கொள்ளினும் பாவனையின் பயன் மாறாது.

ஆயின், குளவி கொல்கின்றதே, தேன்சிட்டும் தன் குஞ்சுக்குப் பூச்சி கொடுக்கின்றதே, புரட்டாசிக் கடையில் வடநாட்டினின்று பறந்துவந்து இளைத்து இறங்கும் ஆறுமணிக்குருவி சருகைக் கிளறிப் புழுவையே உண்கின்றதே, நாம் கொன்றால் மட்டும் என்ன எனின், அது போலி வாதம். விலங்கும் புள்ளும் பெரும்பாலும் வினை நுகர்ச்சிக்கு வந்தன. விதியும் விலக்கும் மக்களை நோக்கியே எழுந்தன. பறவைக்கு வேறுணவு தேட நூலில்லை, நமக்கு உண்டு. உண்மையில் இவை நந்தவனக் காவலர்க்குத் துணைவராகின்றன. ஒரு மரத்துப் புழுவிற் பல சிறகு பெறாமலே இவற்றுக்கு இரையாகும். மருந்து தெளித்த தோட்டத்திலோ புழுவோடு குளவியும் மடியும், காய்ப்பிக்கும் தேனீயும் மடியும். பின்னை வரும் புழுவைத் தடுப்பார் இலராவர்.

"அவனன்றி ஓரணுவும் அசையாது, அவனே புயலை விட்டுக் கோடி உயிரை மாய்க்கின்றான்" என்று கூறித் தம்மைத் தேற்றிக்கொள்வாரும் உளர். 2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அணித்தாகக் கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரு நாளையளவில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. வயலும் வீடும் மூழ்கின, மக்களும் மாண்டனர். சிற்றுயிர்களின் தொகையை யாரே அளப்பார்! ஈண்டு வேறுபாடு நுண்ணிது, ஆயினும் பெரிது. இறைவன் செய்யும் சங்காரம் இளைப்பொழித்தல் என்பது நம் நூற்றுணிபு. ஓருடம்பை நீக்குவோன் வினைக்கேற்ற மற்றோருடம்பைக் கொடுக்கவும் வல்லன். நாமோ நீக்கவல்லேம், கொடுக்கமாட்டேம். புயலில் மகவை இழந்த தாயிடத்து இவ்விளக்கத்தை உரைக்க எமக்கு நாவெழாது என்பதையும் மறையாமற் கூறுகின்றேம். நூற்றுணிபு ஒன்று, அதனை உரைக்குங் காலமும் இடமும் வேறு.

இத்தலங்களின் பெயரையே எண்ணிப்பார்க்க. திந்திரிணி என்பது புளி. திந்திரிணீசுவரர் எழுந்தருளிய புளியவனமே திண்டிவனம் ஆயிற்றென்பர். விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூருக்கு மரம் வன்னி. அரசிலி தன் பெயரிலேயே அரசினைத் தாங்கியுள்ளது. பெருமான் காட்டை விரும்பி இருந்தபொழுது எறும்பையும் புழுவையும் நீக்கிய காட்டை விரும்பினானல்லன். கோயில் பின்னர் எழுந்தது. மரமும் அதன் குடிகளும் முன்னரே இருந்தன.

உழவிற் புழு சாகின்றதே எனின், அது உடலோம்புதற்கு இன்றியமையாதது. தவிர்க்கலாகாத தீங்குக்குக் கழுவாயும் ஐவேள்வியும் வகுக்கப்பட்டுள. பூசைக்கோ அத்தகைய முட்டு என்றும் இல்லை. பூ இல்லையேல் பச்சிலை, பச்சிலை இல்லையேல் நீர், அதுவும் இல்லையேல் நெஞ்சு. ஓரிலையே அமையுமென்று திருமூலர் கூறியிருப்ப, மரம் முழுதையும் நமக்கென்று வளைத்துக் கொள்ளுதல் எற்றுக்கு?

இன்று நந்தவனங்கள் குறைந்து, பூ பெரும்பாலும் சந்தையிலிருந்தே வருகின்றது. அதன்மேல் எத்தனை முறை நஞ்சு தெளிக்கப்பட்டதோ, வாங்குவார் அறியார். கொல்வார் தாமல்லர் என்று அவர் ஆறுதல் கொள்ளுதலும் கூடாது. புலால் மறுத்தலில் வள்ளுவர், வாங்குவார் இன்றேல் விற்பார் இலர் என்னும் கருத்துப்பட உரைத்த நியாயம் பூவிற்கும் செல்லும் என்பது எம் துணிபு. இதனைக் கடுமை என்பார் என்க. விலைப்பூ வாங்குவதையே ஒழிக என்பேமல்லேம். கோயில்தோறும் ஒரு சிறு பாத்தியேனும் வேண்டும் என்பேம்.

அவ்விளைஞர்க்கு யாம் கூறியது இவ்வளவே. விடியலில் இலையைத் திருப்பிப் பார்த்துப் பறிக்க. ஒரு செடியின் பூவனைத்தையும் பறியாது சில விடுக. எருக்கைக் களையென்று வெட்டற்க. வில்வத்துப் புழு நாரத்தையையும் எலுமிச்சையையும் உண்ணும். வேலியோரத்தில் அவற்றை வைத்து, வில்வத்திற் கண்ட புழுவைக் கொம்போடு எடுத்து அங்கே விடுக. வேப்பங்கொட்டை ஊறல் தெளிக்கலாமா என்றார். அதுவும் இளம்புழுவைக் கொல்லுமாதலின் வேண்டா என்றேம். அவர் சிறிது முகஞ்சுளித்தார். ஆயினும் அடுத்த வாரமே மூன்று நாரத்தங்கன்று நட்டார். ஐப்பசி அடைமழையில் ஒன்று அழுகிற்று. மற்ற இரண்டும் தளிர்த்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றன் இலைமேல் எச்சம்போலும் புழுக்கள் இரண்டு இப்பொழுதே உள.