ஒரே சல்லடை, வேறு எடை

பேசாலைக் கடற்கரை. சோளகம் அடங்கிப்போன ஐப்பசி மாலை. ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர் தம்பியின் வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் உயர்தரம் படித்துவிட்டு இப்போது தானும் ஆசிரியையாகப் போகிறவள், பழைய பால்மாப் பேணி ஒன்றை மடியில் வைத்தபடி மணலில் உட்கார்ந்திருக்கிறாள்.

மாணவி: சேர், திங்கட்கிழமை தரம் பத்துக்கு அணு படிப்பிக்க வேண்டும். தாற்றன் வருகிறார், தோம்சன் வருகிறார், ரதர்போர்ட் வருகிறார், போர் வருகிறார். ஒருவரைப் படிப்பித்து முடித்ததும், இவர் சொன்னது பிழை என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போகவேண்டும். பிழை என்று தெரிந்த கதைகளை ஏன் பிள்ளைகளின் தலையில் ஏற்றவேண்டும்? கடைசியில் வந்த சரியானதை மட்டும் சொன்னால் போதாதா?

ஆசிரியர்: கடைசியில் வந்தது சரி என்று உனக்கு யார் சொன்னது?

மாணவி: அதுதான் சேர் என்னுடைய பயமும். நாலும் பிழைத்தது என்றால் ஐந்தாவதும் ஒருநாள் பிழைக்கும். அப்படியானால் அணுவைப்பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்றல்லவா ஆகிறது?

ஆசிரியர்: மடியில் என்ன பேணி?

மாணவி: வகுப்புக்கு. தங்கச்சியிடம் கொடுத்து, எதையாவது உள்ளே போட்டு மூடித் தரச் சொன்னேன். என்ன போட்டாள் என்று எனக்கும் தெரியாது.

ஆசிரியர்: குலுக்கிப் பார்த்தாயா?

மாணவி: பார்த்தேன். உள்ளே ஒன்றுதான் கிடக்கிறது. சரித்தால் உருளுகிறது. கல் என்றால் தகரத்தில் பலமாக அடிக்கும். இது அப்படி அடிக்கவில்லை. புன்னைக்கொட்டை என்று நினைக்கிறேன்.

ஆசிரியர்: மூடியைத் திறக்காமலே நாலு சங்கதி சொல்லிவிட்டாய். நாளைக்குப் புன்னைக்கொட்டை என்றது பிழைத்துப் போகலாம். ஒன்றுதான், உருளும், பலமாக அடிக்காது என்று சொன்னாயே, அவையும் பிழைத்துப் போகுமா?

மாணவி: போகாது. இன்னும் நுணுக்கமாகத் திருத்தலாம். இல்லாமல் ஆக்க முடியாது.

ஆசிரியர்: நாலு அணுக் கதைகளிலும் கழிந்து போனது எது, நிலைத்தது எது என்று பிரித்துப் பார்த்திருக்கிறாயா? புத்தகங்கள் அந்தப் பிரிப்பைச் செய்வதில்லை. எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பின்னால் வந்தவர் முன்னவரை அடித்து வீழ்த்தியதுபோல எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் எப்போதும் மனத்தாங்கல் உண்டு.

மாணவி: எங்கள் பழைய நூல்களில் அணு இருக்கிறதே, சேர். அதிலிருந்து தொடங்கட்டுமா? பிள்ளைகளுக்குப் பெருமையாக இருக்கும்.

ஆசிரியர்: தாராளமாகத் தொடங்கு. ஆனால் முழுதையும் சொல். மணிமேகலையில் ஆசீவக சமயத்தார் தங்கள் கொள்கையைச் சொல்லும் இடம் இருக்கிறது. தனி அணு நம் கண்ணுக்குப் படாது, திரண்டால்தான் படும் என்கிறார்கள். அதற்கு உவமையாக, அந்தி மயங்கும் நேரத்தில் ஒற்றை மயிர் தெரியாது, கற்றையாக இருந்தால் தெரியும் என்கிறார்கள். எவ்வளவு கூர்மையான புத்தி! அதே இடத்தில், அணு பிளவுபடாது, நீரின் அணு நிலத்தின் அணுவாக ஒருபோதும் மாறாது என்றும் சொல்லியிருக்கிறது. அந்த இரண்டும் நிற்கவில்லை.

மாணவி: அதைச் சொன்னால் பெருமை குறைந்துவிடுமே.

ஆசிரியர்: ஏன் குறையவேண்டும்? காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகளை நம் மரபில் வகுத்தார்கள். கண்ணால் காண்பது, கண்டதிலிருந்து ஊகித்துக்கொள்வது, நம்பத்தகுந்தவர் வாக்கு. ஆசீவகர் கருதல்வரைக்கும் போனார்கள். அந்தக் கருதலை வைத்து நிறுக்க அவர்களிடம் தராசு இருக்கவில்லை. தாற்றன் 1808இல் தன் நூலை வெளியிட்டபோது அவரும் அணுவைக் கண்டதில்லை. ஆனால் எடைகளின் கணக்கு அவர் கையில் இருந்தது. இந்த வாயு இவ்வளவு எடை, அந்த வாயு இவ்வளவு எடை, சேரும்போது எப்போதும் ஒரே விகிதம். உரை என்று விட்டுவிடாமல் எவரும் திரும்ப நிறுத்துப் பார்க்கக்கூடிய கருதல் அது.

மாணவி: தாற்றனும் அணு பிளவுபடாது என்றுதானே சொன்னார்? ஒரு மூலகத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடை என்றும் சொன்னார்.

ஆசிரியர்: சொன்னார். முதலாவதைக் கலைத்தவர் தோம்சன். 1897இல் இலத்திரனைக் காட்டினார். அணுவுக்குள்ளிருந்து அணுவைவிட மிகச் சிறியது ஒன்று வெளியே வருகிறது. பிறகு 1904இல், நேர்மின் உருண்டைக்குள் இலத்திரன்கள் பதிந்து கிடக்கின்றன என்று படம் போட்டார். படம் ஏழு வருடம்தான் நின்றது. இலத்திரன் இன்றைக்கும் நிற்கிறது. அவரை அவ்வளவில் விடு; ரதர்போர்ட்டிடம் வா. இந்தக் கடலடியில் பாறைப் பார் எங்கே இருக்கிறதென்று உன் அப்பா எப்படி அறிவார்?

மாணவி: இப்போது கருவி இருக்கிறது. முன்பு கயிற்றில் ஈயக்கட்டி கட்டி இறக்குவார்கள். சேற்றில் பட்டால் ஒரு மாதிரி, பாரில் பட்டால் வேறு மாதிரி, கை சொல்லிவிடும்.

ஆசிரியர்: மன்செஸ்டரில் ரதர்போர்ட்டின் கீழ் கைகரும் மாஸ்டனும் 1909இல் அதைத்தான் செய்தார்கள். ஈயக்கட்டிக்குப் பதில் அல்பாத் துணிக்கை. உலோகத் தகட்டின்மேல் விட்டால் அநேகமாக எல்லாம் நேரே ஊடுருவிப் போயின. ஏறக்குறைய 8000க்கு ஒன்று மட்டும் வந்த பக்கமே திரும்பியது. தோம்சன் சொன்னதுபோல எல்லாம் பரந்து கிடந்தால் ஒன்றும் திரும்பக் கூடாது. எங்கேயோ ஒரு சின்னஞ்சிறு இடத்தில் பாறை இருக்கிறது. 1911இல் ரதர்போர்ட் அதை எழுதினார், கரு என்கிறோம். இந்த ஈயக்குண்டை ஈய அணுவின் கரு என்று வைத்தால், அணுவின் எல்லை நூறு மீற்றருக்கு அப்பால். நடுவில் இலத்திரன்களைத் தவிர வேறில்லை.

மாணவி: இதெல்லாம் மொன்றியல், மன்செஸ்டர், கேம்பிரிட்ஜ். நம் பிள்ளைகளுக்குத் தூரத்து ஊர்கள். யாரோ எங்கேயோ கண்டுபிடித்து நமக்கு அனுப்பியதுபோலத்தான் கேட்பார்கள்.

ஆசிரியர்: அப்படியென்றால் இந்த நாட்டிலிருந்து அங்கே போன கல்லின் கதையைச் சொல்கிறேன். இது மன்னார் மண்ணல்ல, சப்பிரகமுவ மண். நம் கரையில் கறுப்புக் கோடு கோடாய்க் கிடக்கிற இல்மனைட்டை அகழக்கூடாது என்று ஊரே எழுந்து நின்றதுண்டு; ஒரு பிடி மண்ணில் என்ன இருக்கிறதென்று பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. 1904இல் பலாங்கொடைப் பக்கத்தில் கறுத்த, சதுரச் சதுரமான, அளவுக்கு மீறிக் கனக்கிற மணிகள் கிடைத்தன. அப்போது இலங்கைக் கனிய அளவைக்குத் தலைவராக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி.

மாணவி: சிவநடனத்தைப்பற்றி எழுதிய அந்தக் குமாரசுவாமியா?

ஆசிரியர்: அவரேதான். கலைக்கு வருமுன் அவர் புவிச்சரிதவியலாளர். மணிகளை இலண்டனில் டன்ஸ்டன் என்பவர் பகுத்துப் பார்த்தார். பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு. தோரியனைட்டு என்று பெயரிட்டார். அதே 1904இல் இலண்டனில் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்கு ஒற்றோ ஹான் என்ற ஜெர்மன் இளைஞர் வந்தார். இலங்கைத் தோரியனைட்டிலிருந்து எடுத்த உப்பைக் கொடுத்து, இதிலுள்ள ரேடியத்தைப் பிரி என்றார்கள். அடுத்த வருடம், 1905இல், பிரிக்கும்போது எவரும் அறியாத இன்னொரு கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் கையில் அகப்பட்டது. ரேடியோதோரியம் என்றார் ஹான். பின்னாளில் 1938இல் ஸ்ட்ராஸ்மானோடு சேர்ந்து யுரேனியம் பிளவுபடுவதைக் கண்டவரும் இவர்தான்.

மாணவி: அப்போது அது புதிய மூலகமா?

ஆசிரியர்: எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். சிக்கல் பிறகு வந்தது. 1907இல் மக்கோய், ரொஸ் என்ற இருவர் ரேடியோதோரியத்தைத் தோரியத்திலிருந்து பிரிக்க முயன்று தோற்றார்கள். தெரிந்த இரசாயன வழி ஒன்றிலும் பிரியவில்லை. கதிர் வீசும் விதமோ முற்றிலும் வேறு. ஒன்றும்தான், இரண்டும்தான். நீ என்ன செய்வாய்?

மாணவி: என் கை ஆய்வு சரியில்லை என்று நினைத்துத் திரும்பச் செய்வேன்.

ஆசிரியர்: பலர் திரும்பத் திரும்பச் செய்தார்கள். சற்று நில். ஹான் இலண்டனில் உப்பு பிரித்த அதே 1905இல் இங்கே மரிச்சுக்கட்டியில் பெரும் முத்துக்குளிப்பு நடந்தது. முத்தை எப்படித் தரம் பிரித்தார்கள், தெரியுமா?

மாணவி: அம்மம்மா சொல்லியிருக்கிறா. பித்தளைச் சல்லடைகள்.

ஆசிரியர்: பத்துச் சல்லடைகள். கண் பெரியதற்கு 20 என்று பெயர். கண் மிக நுண்ணியதற்கு 1000. ஒன்றில் நின்றது ஒரு தரம், விழுந்தது அடுத்ததற்கு. அதோடு வேலை முடியாது. ஒரே சல்லடையில் நின்ற முத்துகளைக் கழஞ்சு, மஞ்சாடி என்று தராசில் போடுவார்கள். ஏன்?

மாணவி: ஒரே பருமன் என்றாலும் எடை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்: பிரெடெரிக் சொடி அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். ரதர்போர்ட்டோடு மொன்றியலில் இருந்து, தோரியம் தானாகவே வேறு மூலகமாக மாறுகிறது என்று 1902இல் காட்டியவர். நீரணு நில அணுவாகாது என்ற பழைய முடிவு அங்கேயே போயிற்று. 1913இல் அவர் கிளாஸ்கோவில் இருந்து சொன்னார்: இரசாயனம் ஒரு சல்லடை. அதில் ஒரே இடத்தில் நிற்கிற அணுக்கள் எடையில் வேறுபடலாம். மாகிரட் ரொட் என்ற பெண் மருத்துவர் அதற்குக் கிரேக்கத்தில் ஒரு பெயர் எடுத்துக் கொடுத்தார், ஒரே இடம் என்ற பொருளில். நாங்கள் சமதானி என்று படிப்பிப்பதும் அதே பொருள்: சம தானம்.

மாணவி: இதை நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். ஒரே தானம் என்று பிரித்துப் பார்க்கவே இல்லை. ஆனால் சல்லடை என்றது சொடியின் வார்த்தையா?

ஆசிரியர்: சல்லடை என்னுடையது, கருத்து அவருடையது. இதை அப்படியே பிள்ளைகளிடமும் சொல்லிவிடு. இப்போது மணலில் கணக்குப் போடு. தோரியத்தின் திணிவு 232, அணுவெண் 90. சங்கிலி முடியுமட்டும் ஆறு அல்பா, நாலு பீற்றா வெளியேறும்.

மாணவி: அல்பா ஒன்றுக்கு நாலு போனால் இருபத்துநாலு. 232இல் கழித்தால் 208. அணுவெண்ணில் பன்னிரண்டு குறைந்து நாலு கூடும்... 82. ஈயம்! யுரேனியம் 238, எட்டு அல்பா, முப்பத்திரண்டு போக 206. அதுவும் ஈயம்.

ஆசிரியர்: சாதாரண ஈயம் 207.2. சொடி சொன்னது மெய்யானால் தோரியத்தில் பிறந்த ஈயம் அதைவிடக் கனக்கவேண்டும். இதைச் சோதிக்க யுரேனியம் மிகச் சொற்பமாகவும் தோரியம் நிறையவும் உள்ள கல் வேண்டும். தோரியனைட்டு சரிவராது, அதில் யுரேனியமும் நன்றாகக் கலந்திருக்கும். அதன் ஈயத்தை ஹாவர்டில் ரிச்சர்ட்ஸ் என்பவர் நிறுத்தபோது 206.82தான் வந்தது. சொடி இலங்கையின் இன்னொரு கல்லை எடுத்தார்: தோரைட்டு. 1914இல் அவரும் ஹைமனும் அதிலிருந்து சிறிதளவு ஈயம் பிரித்து நிறுத்தார்கள். 208.4.

மாணவி: (சற்று நேரம் பேசாமல்) அப்போது தாற்றன் சொன்னாரே, ஒரு மூலகத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடை என்று...

ஆசிரியர்: நூறு வருடத்துக்கு மேல் நின்ற வசனம். அதைச் சாய்த்த சாட்சிகளில் முதல் வரிசையில் இருந்தது இலங்கைக் கல். அதைவிட அழகானது அடுத்த வருடம் சொடி செய்தது. தோரைட்டு ஈயத்தின் அடர்த்தியை அளந்தார். சாதாரண ஈயத்தைவிட 0.26 வீதம் கூட. ஒரு வீதத்தில் காற்பங்கு! அந்தக் காற்பங்கு என்ன சொல்கிறது, யோசி.

மாணவி: எடை கூடியிருக்கிறது. அடர்த்தியும் அதே விகிதத்தில் கூடியிருக்கிறது என்றால்... அணு பிடிக்கிற இடம் மாறவில்லை.

ஆசிரியர்: மேலே போ.

மாணவி: பருமனைத் தீர்மானிப்பது வெளியே உள்ள இலத்திரன்கள். அவை இரண்டிலும் ஒன்றுதான், அதனால் சல்லடைக்கு இரண்டும் ஒன்று. எடை நடுவிலே இருக்கிறது. அது கூடினாலும் வெளியே தெரியாது. சேர், இது ரதர்போர்ட்டின் கரு! கயிறு விட்டுக் கண்டதையே இது தராசிலும் காட்டிவிட்டதே.

ஆசிரியர்: ஹோனிக்ஷ்மிட் என்ற இன்னொருவர் அந்த ஈயத்தைத் தனியே நிறுத்து 207.77 என்றார். சொடி அடர்த்தியிலிருந்து கணித்தது 207.74. முதலில் வந்த 208.4ஐவிட இது குறைவு, கவனி. எண் திருந்தியது, முடிவு நின்றது. கரு ஏன் கனக்கிறது என்று 1932இல் சட்விக் நியூத்திரனைக் காட்டுமட்டும் தெளிவாகவில்லை. தோரிய ஈயத்தில் யுரேனிய ஈயத்தைவிட இரண்டு நியூத்திரன் கூட. அவ்வளவுதான்.

மாணவி: போரை விட்டுவிட்டீர்கள். பிள்ளைகள் வட்டம் வட்டமாகக் கீறுவது அவருடைய அணுவைத்தான்.

ஆசிரியர்: 1913இல் அவர் அந்த வட்டங்களைப் போட்டார், ஐதரசனின் நிறமாலைக் கோடுகளைக் கணித்துக் காட்டினார். அடுத்த மூலகமான ஈலியத்திலேயே கணக்கு இடறியது. 1926இல் சுரோடிங்கர் வந்தபின் வட்டம் இல்லை. இலத்திரன் எங்கே அகப்படக்கூடும் என்ற சாத்தியம் மட்டும் உண்டு. போரின் சக்திப் படிகள் நிற்கின்றன, வட்டப் பாதை போய்விட்டது. பாதையைப் பலகையில் கீறு, ஆனால் கீறும்போதே எது போய்விட்டது என்று வாயால் சொல். நம் மணல் தீடைகளுக்குப் படகோட்டி போகிறவன் போன வருடம் பார்த்த திட்டை நம்பித்தான் புறப்படுகிறான். அது நகர்ந்திருக்கும். ஆழம் குறைந்த கடல் இது என்ற அறிவு நகராது.

மாணவி: இந்த ஈயக்குண்டில் இருப்பது எந்த ஈயம், சேர்?

ஆசிரியர்: எல்லாம் கலந்தது. 206, 207, 208, கொஞ்சம் 204. சராசரிதான் உன் அட்டவணையில் உள்ள 207.2. அந்த எண்ணை உடைய ஓர் அணுகூட இதற்குள் இல்லை.

மாணவி: அதை நான் வகுப்பில் கட்டாயம் சொல்வேன். பாடம் முடியும்போது பேணியைத் திறந்து காட்டட்டுமா?

ஆசிரியர்: உள்ளே என்ன என்று தங்கச்சியிடம் கேட்டாயா?

மாணவி: இன்னும் கேட்கவில்லை.

ஆசிரியர்: கேட்காதே. பட்டினத்தில் பற்றவைக்கிற கடையில் கொடுத்து மூடியைப் பற்றவைத்துக்கொண்டு போ.

மாணவி: பிள்ளைகள் விடமாட்டார்கள். உடைத்துப் பார்க்க நிற்பார்கள்.

ஆசிரியர்: அதற்குமுன் மேசையில் ஒரு தராசும் ஒரு வாளி தண்ணீரும் இருக்கட்டும். இதே அளவு வெறும் பேணி ஒன்றையும் பக்கத்தில் வை. இந்தா, இந்தக் குண்டுகள் நாலையும் எடுத்துப் போ, படிக்கல்லுக்கு உதவும்.