முட்டுக்கட்டை

குன்றாண்டார்கோவிலில் குன்றைக் குடைந்து அமைத்த சிவாலயத்தின் முன்னே கல் மண்டபம் ஒன்று நிற்கிறது. தேரின் வடிவில் அமைந்த மண்டபம் அது. அதற்குச் சக்கரங்கள் உண்டு. இழுத்துச் செல்லும் பாவனையில் குதிரைகளும் உண்டு. பல நூற்றாண்டுகள் கடந்தும் அத்தேர் ஓர் அங்குலம்கூட நகர்ந்ததில்லை. நகராத தேரால் எவருக்கும் தீங்கில்லை. அதனை நிறுத்தவும் ஆள் வேண்டுவதில்லை.

ஓடும் தேரின் நிலை வேறு. ஊர் கூடி வடம் பிடிக்கும்போது எல்லாருடைய கண்களும் தேரின் உச்சியில் இருக்கும். அப்போது சக்கரங்களின் அருகே குனிந்தபடி, கையில் மரக்கட்டையுடன் சிலர் விரைவர். தக்க நொடியில் கட்டையைச் சக்கரத்தின் கீழ் இட்டுத் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்களே. அக்கட்டைக்குத்தான் முட்டுக்கட்டை என்று பெயர். பின்னாளில் திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி 'பெல்' நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரமும், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கும் செய்து பொருத்தியது. பெரிய தேரை ஓட்டத் துணிந்தவன், அதை நிறுத்தும் வழியையும் தேடியாக வேண்டும் என்பதே அதன் பொருள்.

ஆயினும் நம் பேச்சு வழக்கில் இச்சொல் பெற்றிருக்கும் மதிப்பு என்ன? "நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே" என்கிறோம். தடுப்பவன் பகைவன், விரைவுபடுத்துபவன் நண்பன். இவ்வெண்ணம் சரியானதா? தடை என்பது இயக்கத்தின் எதிரியா, அல்லது இயக்கத்தை மனிதத் தன்மையுள்ளதாக்கும் துணையா? இக்கேள்வியை நாம் நூல்களிலிருந்து பெறவில்லை. ஒரு பழைய வண்டியும் ஒரு சிறுவனின் முறிந்த கையும் அதனை நம் முன் வைத்தன.

நமது பங்கில் ஜீப்பின் அடித்தளத்தின்மீது கட்டிய சிறு பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. மகிந்திரா நிறுவனம் 1947இல் இந்நாட்டில் ஜீப்புகளை இணைத்துத் தரத் தொடங்கியபின், அவ்வகை வண்டிகள் கரடுமுரடான கிராமத்துப் பாதைகளுக்கு ஏற்றவை எனப் பெயர் பெற்றன. நமக்கு முன்னிருந்த குருக்கள் நெல் மூட்டை, ஆலயக் கட்டுமானத்துக்கு மணல், நோயாளிகள், பாடற்குழுப் பிள்ளைகள் என யாவற்றையும் அதில் ஏற்றியிருந்தனர். முதுமை அதன் ஒவ்வொரு மூட்டிலும் தெரிந்தது.

பங்குத் திருவிழா நெருங்கிற்று. வண்டியைப் பார்த்த மெக்கானிக், வயதில் மூத்தவர், நம்மிடம் சொன்னார்: "சாமி, பெயின்ட் அப்புறம் அடிச்சுக்கலாம். ரெண்டு தடவை மிதிச்சாத்தான் பிரேக் பிடிக்குது. முதல்ல அதைப் பார்த்திடணும்." நம்மிடமிருந்த பணம் ஒரு வேலைக்கே போதுமானதாக இருந்தது. அன்னையின் சுரூபத்தைத் தாங்கிச் செல்லும் வண்டி துருவேறித் தோன்றலாகாதென்று நாம் எண்ணினோம். "திருவிழா முடியட்டும், பார்த்துக்கொள்வோம்" என்றோம். வண்டி வெள்ளையும் நீலமுமாக ஒளிர்ந்தது. பலரும் பாராட்டினர். அப்பாராட்டு நமக்கு இனித்ததையும் இங்கே மறைக்கலாகாது.

திருவிழா முடிந்த மறுநாள், வாடகைப் பாத்திரங்களைத் திருப்பித் தர வண்டி கீரனூர்ப் பக்கம் சென்றது. பின்புறத்தில் நான்கு சிறுவர்கள் ஏறியிருந்தனர். கண்மாய்க் கரையின் இறக்கத்தில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார், மிதி தரையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. எதிரே குடத்துடன் வந்த பெண் ஒருத்தி நொடிப்பொழுதில் ஒதுங்கினாள். கியரைக் குறைத்து மண்மேட்டில் மோதி ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். உயிர்ச்சேதம் இல்லை. தூக்கி எறியப்பட்ட சிறுவன் ஒருவனுக்குக் கை முறிந்தது.

அவனுடைய தாய் நம்மை ஏசவில்லை. "சாமி வண்டின்னுதானே ஏத்தி விட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அச்சொல்லை நாம் இன்றளவும் மறக்கவில்லை. அவள் நம்பியது வண்டியின் வண்ணத்தையன்று, நம்மை.

பட்டறையில் சக்கரங்களைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. பின்சக்கரத்தின் சிலிண்டருக்குள்ளிருந்த சிறு ரப்பர் வாஷர் இற்றுப்போய், பிரேக் ஆயில் கசிந்து லைனிங்கை நனைத்திருந்தது. அப்பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்ச் சுற்றுதான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் கைவிடும். புதிய வண்டிகளில் இரு சுற்றுகள் வைப்பது இதனாலேயே.

பாஸ்கல் (1623–1662) என்னும் பிரெஞ்சு அறிஞரைக் குருமடத்தில் விசுவாசச் சிந்தனையாளராக நாம் கற்றோம். நீர்மங்களின் சமநிலை குறித்த அவரது நூல் அவர் மறைந்தபின் 1663இல் வெளிவந்தது. அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது அவர் தெளிவாக்கிய உண்மை. காலால் மிதிக்கும் அழுத்தம் சக்கரம்வரை செல்வது இவ்விதியால்தான். நீர்மம் அழுத்தத்துக்கு அடங்கிச் சுருங்காது, காற்றோ சுருங்கிவிடும். ஆகவே குழாயில் சிறிது காற்று புகுந்தாலும், மிதித்த வலிமை அக்காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகும். பிரேக் ஆயிலும் நாளடைவில் ஈரத்தை உறிஞ்சும்; சூடேறும்போது அவ்வீரம் ஆவியாகி அதே கேட்டை விளைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மிதி இருக்கும், குழாய் இருக்கும், ஆயிலும் இருக்கும். தேவையான நேரத்தில் வலிமை மட்டும் இராது.

'ஏர் எடுத்தல்' என்று பட்டறையில் கூறும் வேலைக்கு இருவர் வேண்டும். ஒருவர் மேலே அமர்ந்து மிதிக்க, மற்றவர் சக்கரத்தடியில் அமர்ந்து திருகைத் திறந்து காற்றை வெளியேற்றி, உடனே மூட வேண்டும். தனியொருவனாக இதை நன்கு செய்வது கடினம் என்றார் மெக்கானிக். ஒப்புரவு அருளடையாளத்தில் நாம் ஏன் மற்றொருவர் முன் முழந்தாளிடுகிறோம் என்று வினவும் இளைஞர்களுக்குச் சொல்ல அன்று நமக்கோர் உவமை கிடைத்தது.

வேலைக்கிருந்த இளைஞன் டிரம்மில் படிந்த தூசியை வாயால் ஊதப் போனான். மெக்கானிக் அவனைத் தடுத்து, தண்ணீர் தெளித்துத் துடைக்கச் சொன்னார். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அத்தூசி நுரையீரலில் தங்கிப் பல்லாண்டுகளுக்குப் பின் புற்றுநோயையும் உண்டாக்க வல்லது. ஒருவர் பாதுகாப்பாகப் பயணம் செய்ய மற்றொருவர் தம் மூச்சை விலையாகத் தரலாகாது. அந்த முதியவரின் அதட்டலும் ஒரு முட்டுக்கட்டையே.

பிரேக்கோடு வேலை முடியவில்லை. "வில் பட்டையையும் மாத்தணும் சாமி" என்றார் அவர். சாதாரண மாட்டு வண்டிக்கும் வில்வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை நம் முன்னோர் அறிவர். அடுக்கடுக்கான எஃகுப் பட்டைகள் வளைந்து கொடுத்துக் குலுக்கலைத் தாமே ஏற்றுக்கொள்ளும். நம் வண்டியில் ஒரு பட்டை முறிந்திருந்தது, புஷ்கள் தேய்ந்திருந்தன, ஷாக் அப்சார்பர் எண்ணெயைக் கக்கி உயிரற்றிருந்தது. இது உட்காருபவரின் சுகத்துக்கான பொருள்தானே, பொறுக்கலாமே என்றோம். அவர் தலையசைத்து மறுத்தார். "சக்கரம் தரையில இருந்தாத்தான் பிரேக் பிடிக்கும். குதிச்சுக்கிட்டே போனா, எவ்வளவு மிதிச்சும் என்ன?"

இதனை நாம் நெடுநேரம் சிந்தித்தோம். பிரேக் சக்கரத்தின் சுழற்சியையே நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது சக்கரத்துக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பு. அப்பிடிப்பைக் காப்பது வளைந்து கொடுக்கும் வில். கண்டிப்பு மிகுந்த பெற்றோரும், ஒழுங்கையே பேசும் குருக்களாகிய நாமும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளையின் வாழ்வு மேடுபள்ளத்தில் குலுங்கும்போது நாம் அதனோடு இறங்கி ஏறவில்லையெனில், நம் கண்டிப்பு அவனைத் தொடுவதேயில்லை. பொறுமை இல்லாத ஒழுக்கம் பிடிப்பில்லாத பிரேக். ஒழுக்கம் இல்லாத பொறுமையோ, நிறுத்த வழியின்றி மெத்தென்று ஓடும் வண்டி.

இவ்வளவையும் செய்ய நாம் உடனே முன்வந்தோம் என்று எவரும் கருத வேண்டாம். விபத்து நடந்த அதே வாரத்தில் காய்கறி வணிகர் ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்டார். மண்மேட்டில் நசுங்கிய முன்பகுதியைத் தட்டிச் சரிசெய்தாயிற்று, வண்ணமோ புதியது. பங்குப்பேரவையில் ஒருவர், "கேட்டால் சொல்வோம் சாமி, கேட்காததை நாமாக ஏன் சொல்ல வேண்டும்?" என்றார். பணமும் கிடைக்கும், தொல்லையும் தீரும். நம் உள்ளமும் ஒரு கணம் அப்பக்கம் சாய்ந்தது.

இக்கேள்வியை அக்குவினா தூய தோமா பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுப்பியிருக்கிறார். 'இறையியல் சுருக்கம்' என்னும் தம் பெருநூலின் இரண்டாம் பகுதியில், வாங்கல் விற்றலில் நேரும் வஞ்சகத்தைப் பற்றி ஆராயும் இடத்தில், விற்பவன் பொருளின் குறையைக் கூறக் கடமைப்பட்டவனா என்று வினவுகிறார். குதிரைக்கு ஒரு கண் இல்லையெனில் வாங்குபவனே அதைக் காண்பான். விலையை அதற்கேற்பக் குறைத்து விற்பவன், குறையை எடுத்துரைக்காவிடினும் அநீதி செய்தவனாகான். ஆனால் மறைவான குறையால் வாங்குபவனுக்கு இழப்போ ஆபத்தோ நேருமாயின், அதைச் சொல்லாமல் விற்பது வஞ்சகம். இடிந்துவிழும் நிலையிலுள்ள வீட்டை உறுதியான வீடென விற்பதை அவர் எடுத்துக்காட்டுகிறார். பிரேக் பிடிக்காத வண்டி, ஓடுகிற இடிவீடு அல்லவா?

விடுதலைப் பயண நூலின் சட்டமும் இங்கே நினைவுக்கு வருகிறது. மாடு முட்டி ஒருவன் இறந்தால் அதன் உரிமையாளன் குற்றவாளி அல்லன். ஆனால் முட்டும் பழக்கமுள்ளதென்று முன்பே எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டிவைக்காதிருந்தால், குற்றம் அவன்மேல் சாரும். அறியாமை ஒருவனைக் காக்கலாம். அறிந்தபின் வாளாவிருத்தல் காக்காது. மெக்கானிக்கின் சொல் நமக்கு அளிக்கப்பட்ட எச்சரிக்கை. இணைச்சட்ட நூலோ இன்னும் ஒரு படி மேலே சென்று, புது வீடு கட்டுபவன் எவரும் விழாதபடி மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்கிறது. அடுத்தவர் உயிரைக் காப்பது நல்லெண்ணத்தோடு முடிவதன்று. சுண்ணாம்பும் கல்லும் கொண்டு கட்ட வேண்டியது.

1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, குடியாலோ வேக மோகத்தாலோ சாலையில் பிறர் உயிருக்கு ஊறு விளைவிப்போர் கனமான குற்றம் புரிகின்றனர் எனக் கற்பிக்கிறது. 2007இல் திருப்பீடத்தின் மேய்ப்புப்பணி அவையொன்று வாகன ஓட்டிகளுக்கெனப் பத்து கட்டளைகளை வெளியிட்டபோது, கொலை செய்யாதே என்பதே முதற் கட்டளையாயிற்று. வேகம் இரு மடங்கானால் நிறுத்துவதற்கு அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல். ஐந்தாம் கட்டளை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மட்டுமன்று, மிதிகட்டையின் கீழும் இருக்கிறது.

வணிகரிடம் உள்ளதைச் சொன்னோம். அவர் நன்றி கூறிவிட்டு வாங்காமல் சென்றார். அடுத்த ஞாயிறு மறையுரையில், அச்சிறுவனும் தாயும் அமர்ந்திருக்க, பிழை ஓட்டுநருடையதன்று, நம்முடையது என்று அறிக்கையிட்டோம். பின்னர் கடன்பட்டு வேலையை முடித்தோம். டிரம்கள் கடைந்து சீராக்கப்பட்டன. புதிய லைனிங், புதிய வாஷர்கள், புதிய வில் பட்டை. போட்ட பணத்தில் ஒரு காசும் வெளியே தெரியவில்லை. எவரும் பாராட்டவும் இல்லை. நற்செயல்களை மறைவில் செய்யுமாறு ஆண்டவர் ஏன் பணித்தார் என்பது அப்போது சற்றே விளங்கிற்று.

அன்பர்களே, நம் வாழ்விலும் வண்ணத்துக்குச் செலவழித்துப் பிரேக்கைத் தள்ளிப்போடும் திருவிழாக் காலங்கள் உண்டு. வீட்டிலோ பங்கிலோ "முதல்ல அதைப் பார்த்திடணும்" என்று குனிந்து சொல்லும் ஒரு குரலும் உண்டு. அதைச் சொல்பவரை முட்டுக்கட்டை என்று நாம் அழைக்கலாம். அப்பெயர் பொருத்தமானதே, தேரோடு சேர்ந்து, சக்கரத்துக்கு மிக அருகில், தம் விரல்களைப் பணயம் வைத்து ஓடுபவர் அவரே.

அச்சிறுவனின் கை கூடிவிட்டது. வண்டி மீண்டும் ஓடத் தொடங்கிய நாளில் அவன் ஏற வந்தான். தாய் நம்மைப் பார்த்தாள். "ஓட்டிப் பார்த்துட்டீங்களா சாமி?" என்று கேட்டாள். அவ்வினாவை நாம் அவமதிப்பாகக் கொள்ளவில்லை. கண்மாய்க் கரைவரை நாமே ஓட்டிச் சென்று, இறக்கத்தில் நிறுத்திக் காட்டித் திரும்பியபின், அவனை ஏற்றிக்கொண்டோம்.