நித்திரை வாராமை

சிவமயம்



மாணாக்கருக்கு இலக்கணம் கற்பிக்கும் நாம் ஒரு சிறு வாக்கியத்தை ஈண்டு ஆராய்வோம். "எனக்கு நித்திரை வருகின்றது" என்பது நம் நாட்டிற் குழந்தையுஞ் சொல்லும் வாக்கியம். இதில் எழுவாய் யாது? நித்திரையே. வருதலாகிய தொழில் அதனுடையது. சொல்பவன் நான்காம் வேற்றுமையில் நின்று அதனை ஏற்பவன் மாத்திரமாவான். "நித்திரை கொண்டான்" என்னும் வழக்கும் உண்டேயெனின், அங்கும் வந்ததைக் கொள்ளுதலே பொருளாம். வாராததைக் கொள்ளுதல் ஒருவருக்கும் இயலாது. நெடுநாள் உறக்கமின்றி வருந்துவோருக்கு நாம் சொல்லப் புகுவதன் வேர் இவ்வாக்கியத்திலே கிடக்கின்றது.

ஓரிரவு ஈரிரவு கண்விழித்தலை நாம் இங்கே கருதவில்லை. உறங்குதற்கு இடமும் வேளையும் இருந்தும், வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மேலாக உறக்கங் கெட்டு, அதனாற் பகற்றொழிலுங் கெடுமாயின், அதனையே வைத்தியர் நாட்பட்ட நித்திரையின்மை என்பர். நம்மோடு படிப்பித்த ஆசிரியர் ஒருவர் இந்நோயால் மூன்றாண்டு வருந்தினார். நித்திரைக் குளிகை முதன்மாதம் உதவிற்று. பின்னர் ஒன்று இரண்டாயிற்று. அதன்பின் காலையிலே தலைப்பாரத்தையன்றி வேறொன்றையும் அது தரவில்லை. ஒருவர் இன்னும் வலிய மருந்து உண்ணச் சொன்னார். மற்றொருவர் முன்வினைப் பயன் என்றார். வேறொருவர் பத்திக் குறைவு என்று சொல்லிப் போனார். இச்சொல் அவர் நெஞ்சிற் றைத்தது. கந்தசட்டி விரதந் தொடங்கும் நாளிலே குளிகை முழுவதையும் ஒருங்கே விட்டார். மூன்றாம் நாளிற் கைநடுக்கமும் நெஞ்சுப் படபடப்புங் கண்டு, உறக்கம் அறவே ஒழிந்தது. பத்திக்கும் இதற்கும் ஒரு தொடர்புமில்லை. உடல் பழகிய குளிகையைத் திடீரென நிறுத்தியதன் விளைவு அது. அத்தகைய குளிகைகளை வைத்தியர் சொற்படி சிறிது சிறிதாக, பல வாரங் கொண்டே குறைத்தல் வேண்டும். தாமே நிறுத்துதல் வலிப்பு வரையும் கொண்டுபோய் விடும்.

வினைப்பயன் என்னுஞ் சொல்லைப் பற்றியும் ஒன்று கூறுவோம். நாம் இளமையிற் கற்ற மிசன் பாடசாலையிலே, உறங்காதவன் மனச்சாட்சி குற்றமுடையது என்று பிரசங்கிக்கக் கேட்டு உள்ளூர நகைத்ததுண்டு. நம்மவர் வினையென்னும் பெயரிட்டு அதனையே சொல்லும்போது நகைப்பு வரவில்லை. கன்மக் கொள்கை தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு உதவுவது. அதனை எடுத்துப் பிறன் நோயின்மேல் எறிதற்கு நம் ஆசாரியர் எவரும் நமக்கு அதிகாரந் தரவில்லை.

இனிச் சித்தாந்தம் உறக்கத்தைப் பற்றிக் கூறுவதை நோக்குக. மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம் ஆன்மாவின் ஐந்து அவத்தைகளைப் பேசுகின்றது. நனவிலே புருவநடுவில் 35 கருவிகளோடு நிற்கும் ஆன்மா, கனவிலே கண்டத்தில் 25 கருவிகளோடும், உறக்கத்திலே இருதயத்திற் சித்தம், பிராணன், புருடன் என்னும் 3 கருவிகளோடும் நிற்கும் என்று விளக்குவர். மனமும் புத்தியும் அகங்காரமும் ஒடுங்கிய பின்னரே உறக்கமாம் என்பது இதனாற் பெறப்படும். அங்ஙனமாக, "நான் இன்று உறங்கியே தீர்வேன், நாளை ஐந்து பாடவேளை உண்டு" என்று பாயிற் கிடந்து முயல்வது யாது? அகங்காரமன்றோ? "மணி இரண்டாயிற்று, இனி மூன்று மணிநேரமே உண்டு" என்று கணக்கிடுவது புத்தியன்றோ? எக்கருவிகள் ஓய்ந்தாலன்றி உறக்கம் இல்லையோ, அவற்றையே உறக்கத்தைத் தேடிவர ஏவுகின்றோம். இது வாயிற்காவலனை நாழிகைக்கொருமுறை தட்டியெழுப்பி, "நித்திரை வந்ததோ" என்று வினாவுதல் போலும்.

மேனாட்டு வைத்தியரும் வேறு வழியாலே இவ்விடத்துக்கு வந்திருக்கின்றனர். அமெரிக்க வைத்தியர் கல்லூரி என்னுஞ் சபை, நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதற்சிகிச்சை குளிகையன்று, எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் பயிற்சியே என்று 2016ஆம் ஆண்டில் விதந்துரைத்தது. அப்பயிற்சியின் காரணம் அறிந்துகொள்ளத்தக்கது. நாம் விழித்திருக்குந்தோறும் அடினோசின் என்னும் பொருள் மூளையிற் சேர்ந்து உறங்கும் விருப்பை வளர்க்கின்றது. உடலினுள்ளே ஒரு நாட்கடிகாரம் உண்டு. அதனைக் காலையொளி திருத்துகின்றது. இவை இரண்டும் ஒத்தவழி உறக்கம் தானே வரும். பகலில் உறங்கினால் அவ்விருப்புக் குறையும். எழும் வேளை நாடோறும் மாறினாற் கடிகாரம் தடுமாறும். தேநீரும் கோப்பியும் அடினோசினின் தொழிலைத் தடுப்பன. பள்ளி விட்டு வந்து மூன்றரை மணிக்கு அருந்திய தேநீரின் சாரத்திற் பாதி இரவு எட்டரைக்கும் உடலில் நிற்றல் கூடும். நண்பகலோடு அதனை நிறுத்துக.

நம் முன்னோர் விதித்த நித்தியகருமம் சூரியோதயத்துக்கு ஐந்து நாழிகை முன்னர் எழுதலிலே தொடங்குகின்றது. எப்போது படுப்பினும் எழும் வேளையை மாற்றாதே என்பதே இச்சிகிச்சையின் முதல்விதியும் ஆம். சிவராத்திரியிலே நான்கு யாமமும் விழித்தவர் மறுநாட் பகலில் உறங்கலாகாது என்பதும் நம் வழக்கு. உறங்காத இரவின் மறுநாளைக்கு வைத்தியர் சொல்வதும் அதுவே. ஆயினும் சிவராத்திரியை நினைக்கும்போது வேறொன்றே நமக்குப் பெரிதாய்த் தோன்றுகின்றது. அவ்விரவில் விழித்திருப்பவர் விழிப்போடு வழக்காடுவதில்லை, களைப்புண்டு, கலக்கமில்லை. நோயாளரின் இரவிலோ, விழிப்பினும் அதன்மேலெழும் அச்சமே பெருந்துன்பமாய் நிற்கின்றது.

பாயிற் கிடக்கும் நேரத்தைக் குறைத்தல் இச்சிகிச்சையின் கடினமான பகுதி. இரண்டு வாரம் ஒரு கொப்பியிலே குறித்துப் பார்க்க. ஒன்பது மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழுபவர், அவ்வெட்டு மணியுள் ஐந்தரை மணியே உறங்குகின்றார் என்று காணின், இனிப் பதினொன்றரைக்கே பாயிற் செல்லக்கடவர். ஒரு வாரத்தில், கிடந்த நேரத்தின் 100இல் 85 பங்கு உறக்கமாயின், 15 நிமிடம் முன்னே படுக்கலாம். இவ்வாறு படிப்படியாக நீட்டுக. ஐந்து மணிக்குக் கீழே குறைத்தலாகாது. முதலிரு வாரமும் பகலிற் கண்சுழலும். அந்நாட்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அதனை விட்டு வேறு வழியாற் பள்ளி செல்க. வலிப்பு நோயுடையோரும், மனவெழுச்சியும் தளர்ச்சியும் மாறிமாறி வரும் நோயுடையோரும் வைத்தியர் துணையின்றி இதனைத் தொடங்கற்க. குறட்டையிடையே மூச்சு நிற்பவருக்கும், இரவிற் கால் அமைதியின்றி இழுப்பவருக்கும் நோய் வேறு, மருந்தும் வேறு. வாழ்வே வெறுத்து உயிரை மாய்க்கும் எண்ணம் எழுமாயின், அன்றே வைத்தியரிடஞ் செல்க.

இருபது நிமிடமளவிற் கண் மூடாவிடின் எழுந்துவிடுக. மணிக்கூட்டைப் பார்த்து அளத்தல் வேண்டா. சினம் எழத் தொடங்குவதே போதிய அளவு. பாய் விழித்துத் துன்புறும் இடமென்று உடல் பழகியிருக்கின்றது. அப்பழக்கத்தை அறுத்தற்கே எழுதல். விறாந்தையிற் சாய்மனைக் கதிரை இட்டு, மங்கிய விளக்கில் இருக்க. கைத்தொலைபேசி உள்ளே கிடக்கட்டும். பரீட்சைத் தாள்களும் அவ்வாறே.

பஞ்சாக்கர செபம் அவ்வேளைக்கு மிக உகந்தது. ஆனால் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். செபித்தால் உறக்கம் வரும் என்று பலர் உபதேசிக்கின்றனர். அதனைக் கேட்டவர் நூற்றெட்டு உருச் செபித்து, "இன்னும் வரவில்லையே" என்று பார்ப்பர். திருவைந்தெழுத்தும் பலியாத குளிகைகளுள் ஒன்றாய் முடியும். உறக்கத்தின்பொருட்டன்றிச் சிவபெருமான்பொருட்டே செபிக்க. செபிக்க இயலாதார் நாவலரவர்களின் பெரியபுராண வசனத்திலே கண்ணப்பநாயனாரை வாசிக்க. வில்லேந்திச் சுவாமிக்குக் காவலாய் இரவு முழுதும் நின்ற அவருக்குத் தாம் உறங்கவில்லை என்னும் நினைவே இருந்ததில்லை.

பாயிற்கு மீள்வது எப்போதெனின், இமைகள் தாமே கனக்கும்போது. அஃது அரைமணியிலும் ஆகலாம். மூன்று மணியிலும் ஆகலாம். சில இரவில் ஆகாமலும் போகலாம். மீண்டு படுத்து மறுபடி விழிப்பாயின், மறுபடி எழுக. குறித்த வேளையிற் கோயில்மணி கேட்டவுடன், உறங்கியது ஒரு மணியேயாயினும், பாயைச் சுருட்டிவிட்டு முற்றத்து வெளிச்சத்துக்கு வந்துவிடுக.