கருந்துளைக்குக் கருணை உண்டா?

கருந்துளை என்றதும் எல்லாவற்றையும் விழுங்கும் அரக்கன் ஒருவனே நம் மனக்கண்முன் தோன்றுகிறான். வானியல் காட்டும் சித்திரம் சற்று வேறானது.

சுமார் 24 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் பெர்சியஸ் என்ற கூட்டம் உள்ளது. அதிலுள்ள விண்மீன் திரள்கள் கோடிக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள வாயுவில் அமிழ்ந்திருக்கின்றன. அந்த வாயு குளிர்ந்து சுருங்கினால்தான் விண்மீன் பிறக்கும். அதன் மையப்பகுதியோ எக்ஸ் கதிர்களாக வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கிறது. கணக்குப்படி, ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான சூரியன்கள் உருவாவதற்குரிய வாயு அங்கே குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் அதில் சிறு பகுதியே விண்மீனாகிறது.

தடுப்பது எது? நடுவிலுள்ள மாபெரும் கருந்துளைதான். அதை நோக்கிச் சரியும் பொருள் அனைத்தும் உள்ளே போய்விடுவதில்லை. ஒரு பங்கு ஆற்றல் தாரைகளாகப் பீறிட்டு, வாயுவில் பிரம்மாண்டமான குமிழிகளை ஊதுகிறது. அவற்றிலிருந்து பரவும் ஒலியலைகளைச் சந்திரா விண்தொலைநோக்கியின் படங்களில் 2003-இல் கண்டறிந்தனர். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகள்! இவ்வாறு வந்து சேரும் ஆற்றல் வாயுவைக் குளிரவிடுவதில்லை. வாயு மிகுதியாகக் குளிர்ந்தால் கருந்துளைக்கு இரை பெருகும், தாரை வலுக்கும், வெப்பம் ஏறும். இரை குறைந்ததும் தாரை தணியும்.

‘பாருங்கள், பிரபஞ்சமே அடக்கத்தைப் போதிக்கிறது!’ என்று சொல்ல மேடையில் பேசுவோருக்கு ஆசை எழும். எழுதுவோருக்கும்தான். ஆனால் சென்டாரஸ் ஏ என்ற திரளில் இதே போன்ற தாரை குளிர்ந்த வாயுவின்மீது மோதிய இடத்தில் புதிய விண்மீன்கள் பிறந்துள்ளன. ஃபீனிக்ஸ் கூட்டத்தின் மையத்திலோ, கருந்துளை இருந்தும், ஆண்டுக்குப் பல நூறு சூரியன்களுக்கு ஈடான விண்மீன்கள் உருவாகின்றன. இவற்றுள் எதை நாம் உபதேசமாகக் கொள்வது?

‘உள்ளது’ என்பதிலிருந்து ‘வேண்டும்’ என்பதற்கு மனிதர்கள் சொல்லாமலே தாவிவிடுகிறார்கள் என்று 1740-இல் டேவிட் ஹியூம் எச்சரித்தார். இது வெறும் தர்க்க நுணுக்கம் அன்று. வலியது எளியதை விழுங்குவதே இயற்கையின் நியதி என்று கூறி மனிதன் மனிதனை மிதித்தபோதும் இதே தாவல்தான் நிகழ்ந்தது. இனிய முடிவைத் தருகிறது என்பதற்காக நாம் அதே பாதையில் நடந்தால், அவர்களை மறுக்கும் உரிமையை இழந்துவிடுவோம்.

அப்படியானால் அடக்கத்திற்கு ஆதாரமே இல்லையா? உண்டு; அதை வானத்தில் தேட வேண்டியதில்லை. கருந்துளையின் செயலுக்குக் கர்த்தா எவரும் இல்லை. பசித்தவன் ஒருவன் தன் இலையில் உள்ளதில் பாதியை எதிரே இருப்பவனுக்கு ஒதுக்கும்போதோ, அந்தப் பசியை அவன் அறிந்திருக்கிறான். முழுவதையும் தானே உண்டுவிடவும் அவனால் முடியும்.