குவாலா தேக்குவிலிருந்து திரும்பியது

குனோங் தஹான் 2,187 மீட்டர். தீபகற்ப மலேசியாவின் ஆக உயரமான மலை. குவாலா தஹானில் காட்டுக்குள் நுழைந்து, உச்சியைத் தொட்டு, மெராப்போ பக்கம் இறங்க வேண்டும். ஏழு நாள் நடை. ஐந்து பேர், இரண்டு கைடு. லீவைச் சேர்த்து வைத்து, வாரக் கடைசிகளில் பையைச் சுமந்து அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்கிப் பழகியிருந்தோம்.

மூன்றாம் நாள், சுங்கை தஹானைத் திரும்பத் திரும்பக் கடக்கிற இடத்தில் என் நண்பனுக்குக் கால் பிசகிவிட்டது. குவாலா தேக்கு முகாமுக்கு வந்து சேர்வதற்குள் கணுக்கால் வீங்கி, ஷூவைக் கழற்றவே முடியவில்லை. அதற்கு மேல்தான் உண்மையான ஏற்றமே. "நீங்க போங்கடா, நான் ஒரு கைடோட திரும்பிக்கிறேன்" என்றான். யாரும் பேசவில்லை. அவனோடு முதலாம் ஆண்டிலிருந்து படித்தவன் நான் ஒருத்தன்தான். "நானும் வர்றேன் மச்சான்" என்றேன். மற்ற மூவரும் மறுநாள் காலை ஏறினார்கள்.

சரியானதைத்தான் செய்தேன். அதில் சந்தேகமில்லை. ஆனால் திரும்பிய வழி நெடுக அவனை வெறுத்தேன். அவன் பையில் பாதியும் என் முதுகில். அவன் நிற்கும்போதெல்லாம், பயிற்சிக்கு வராமல் தூங்கிய ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணினேன். வாய் மட்டும், "பரவாயில்லடா, மலை எங்க போயிடப் போவுது" என்றது.

இமானுவேல் காண்ட்டிடம் கேட்டால் எனக்கு நல்ல மார்க் கிடைக்கும். சொந்தத் துயரத்தில் மனம் மரத்து, பிறர்மேல் இரக்கமே எழாத ஒருவன் கடமைக்காகவே உதவுகிறான் என்றால், அப்போதுதான் அந்தச் செயலுக்கு அசலான அறமதிப்பு என்று 1785இல் எழுதினார். அரிஸ்டாட்டில் மார்க் போடமாட்டார். நல்லதைச் செய்வதில் மகிழாதவன் நல்லவனே இல்லை என்பது அவர் கட்சி.

என்னைக் குடைந்தது மைக்கேல் ஸ்டாக்கரின் 1976ஆம் ஆண்டுக் கட்டுரை. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறீர்கள். நண்பர் பார்க்க வருகிறார், நெகிழ்ந்து நன்றி சொல்கிறீர்கள். அவரோ, கடமை என்பதால்தான் வந்தேன் என்கிறார். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமே அதுதான். அந்த வருகை அதற்குப் பிறகு என்ன ஆகிறது? ஸ்டாக்கர் கட்டிலில் படுத்திருப்பவன் பக்கமிருந்து பார்க்கிறார். நான் அதுவரை என் பக்கமிருந்து மட்டுமே பார்த்திருந்தேன்.

என்றாலும், மகிழ்ச்சி வரவில்லை என்பதை என் குற்றமாக நான் ஏற்கமாட்டேன். உணர்ச்சி பொத்தானை அழுத்தினால் வருவதில்லை. கோபமும் தானாகத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணியது தானாக நடக்கவில்லை. அதை நானே உட்கார்ந்து, ஒன்றொன்றாக, ஆடிட்டர் மாதிரி செய்தேன். அவனுக்காகத் திரும்பியதை அவன் பெயரில் கடனாக எழுதிக்கொண்டேன்.

அவனுக்கு அது தெரியும் என்று நினைக்கிறேன். காட்டிலிருந்து வந்ததிலிருந்து மாமாக் கடையில் பில் வந்தால் அவன்தான் எழுந்து போகிறான். போன வாரமும் அவன்தான் காசு கொடுத்தான். நான் தடுக்கவில்லை.